சிங்கத்தை வாங்கிய காளி

“ஏலே, சிங்கத்தை வாங்கிட்டேம்லே!”

தசராவுக்காகக் குலசேகரன்பட்டினம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையிலிருந்து காளி கத்தியது. நேர்த்திக்கடனுக்காகக் காளி வேஷம் கட்டிய இளைஞர் அவர். முதுகில் அட்டைக் கைகள், மடியில் காணிக்கைத் தட்டு, கையில் செல்போன். பக்கத்தில் போலீஸ் வேஷம் போட்ட நண்பர்.

“எந்தச் சிங்கம்லே?”

“கேம்ல உள்ள சிங்கம். பஸ் குலுங்குச்சு, விரல் பட்டுட்டு. ரூவா போயிட்டுன்னு பேங்க் மெசேஜும் வந்துட்டு!”

“எட்டுக் கை வச்சிருக்க, ஒரு விரலை அடக்க முடியலையாக்கும்!”

“சிரிக்காதலே. வாங்கவா வேண்டாமான்னு கேம் ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா? பெட்டிக்கடை அண்ணாச்சிகூட ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் எடுத்துக் குடுக்காரு.”

“எங்கிட்ட கேக்குதே. ஒவ்வொரு தடவையும் கேக்கும்.”

“எங்கிட்டயும் கேட்டுச்சு. தொல்லையா இருக்குன்னு, இனிமே கேக்காதன்னு நாந்தான் அமுக்கி வச்சேன். ஆனா சிங்கம் என்னமா இருக்கு பாருலே! பிடரியில தீ எரியுது!”

போலீஸ், தொப்பி கீழே விழும்படி சிரித்தது.

அப்போது எதிர் இருக்கையில் இருந்த பெண்மணி எழுந்து வந்து, தட்டில் காசு போட்டுக் கும்பிட்டார்.

“தாயே, எம் மவன் இந்த செல்போன் கேமை அடியோட விட்டுறணும். நீதான் வாக்குச் சொல்லணும்.”

காளி செல்போனை அவசரமாகச் சேலை மடிப்புக்குள் செருகியது. குங்குமம் எடுத்த விரல் அவர் நெற்றிக்கு அருகே போய் நின்றது.

“நெசமாவே விட்டுறணுமா? நல்லா ரோசிச்சுச் சொல்லும்மா.”