கண்ணாடியோடு ஒட்டிய படம்

மைதாப் பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டால் கரப்பான் அண்டாது. நூலகத்தின் பழுதுபார்க்கும் அறையில் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பசையால்தான் புத்தகம் ஒட்டினேன். எந்தத் துரையும் குறை சொன்னதில்லை.

எழுபத்தெட்டில் பிரிஜட் வந்தாள். காகிதமும் புகைப்படமும் காப்பாற்ற வெளிநாட்டில் ஒன்றரை வருஷம் படித்தவளாம். இதுதான் முதல் வேலை. கையில் மாட்டிக்கொள்ள வெள்ளைக் கையுறை. தண்ணீருக்குக் காய்ச்சல் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய். நான் செலோடேப் போட்ட பக்கங்களையெல்லாம் சுரண்டி எடுத்து, ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவைத்தாள். குமாஸ்தா துரைசாமியிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன்.

“‘முந்தி ரிப்பேர் பண்ணதால வந்த சேதம்’னு போட்டிருக்கு லா. அந்தச் சேதம் நீங்கதான் லாசரஸ் அண்ணே,” என்று சிரித்தான்.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் பாக்கியலட்சுமி என்கிற பொம்பளையின் ஆறு வயது மகன் போய்விட்டான். அவனுக்கென்று இருந்தது ஒரே படம். எடுத்த ஸ்டூடியோவையும் இடித்துவிட்டார்கள். படம் நனைந்து சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ள, துணியில் சுற்றி நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெளியார் பொருளை வாங்கக் கூடாதென்று விதி. பிரிஜட் வாங்கினாள். படித்தவர்களுக்கு விதி ஏது.

தட்டில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, கண்ணாடி மேலே இருக்கும்படி அதைக் கிடத்தினாள். “தானா விட்டுடும் அங்கிள். தண்ணி ஜில்லுன்னே இருக்கணும். சூடு பட்டா மேல் படலம் உருகி, மொகமே வழுக்கிட்டுப் போயிடும். மீட்டிங் போயிட்டு வந்துடறேன். பாத்துக்குங்க, கை வெக்காதீங்க.”

கை வைக்கவில்லை. படத்தில் என் விரல்கூடப் படவில்லை. பசைக்காகக் காய்ச்சிய தண்ணீர் அடுப்பில் இருந்தது. தட்டைச் சாய்த்து ஐஸ் தண்ணீரை வடித்துவிட்டு அந்தச் சுடுதண்ணீரை ஊற்றினேன். கண்ணாடி விரிசல் விடக் கூடாதே என்று கொஞ்சம் கொஞ்சமாக. அந்த நிதானம் அனுபவத்தில் வருவது, பரீட்சையில் வராது. முதலில் பையனின் நெற்றி சுருங்கியது. பிறகு கண்கள் நகர்ந்தன. கடைசியில் பாலாடைபோல ஓரத்தில் வந்து மிதந்தான். அதையும் வடித்து, மறுபடி ஐஸ் போட்டு வைத்தேன்.

பிரிஜட் வந்து தூக்கிப் பார்த்தாள். வெறும் வெள்ளைத்தாள். அந்தக் கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். குளிர் சரியாகத்தான் இருந்தது. “நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்,” என்றாள். அடுத்த வாரமே வேலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள். டோபி காட் பக்கம் ஏதோ ஆபீசில் டைப் அடிக்கிறாளாம். அதற்கா ஒன்றரை வருஷம்.

அந்தப் பொம்பளை வந்தபோது தாளை நான்தான் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“தம்பி மொகம் எங்கய்யா?”

“சின்னப் பொண்ணும்மா. தொழில் தெரியாம தண்ணியில போட்டுட்டா,” என்றேன்.

தாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன். பொய் பேசி எனக்குப் பழக்கமில்லை.