இருபத்துநான்கு மணி நேரம் ஈரம் படக்கூடாது

புது வண்டியை வீட்டில் கழுவுகிறவர்கள் செய்கிற முதல் தவறு, ஒரே ஒரு வாளியோடு இறங்குவது. சோப்புத் தண்ணீருக்கு ஒன்று, தேய்க்கிற கையுறையை அலசுவதற்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், கூரையில் இருந்த மணலை எடுத்துக் கதவில் தேய்க்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். நம் கபானே ஊர் மணல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே நிற்கிற உங்கள் ஜீப்பைப் பார்த்தேன், ஐயா. அதை யாரோ உலர்ந்த துணியால் துடைக்கிறார்கள். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

நிதானமாக, முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் எனக்கு அதுதான்.

என் பெயர் மொதிபி. வயது ஐம்பத்தொன்று. கால்நடைத் துறையில் பண்டகக் காப்பாளர். எங்கள் தெருவில் எல்லோரும் ஜப்பானிலிருந்து கப்பலில் வருகிற பழைய வண்டிதான் வாங்குவார்கள். நான் பொறுத்திருந்து, ஜூலை மாதம் புத்தம் புதியது ஒன்றை எடுத்தேன். கரு நீலம். இருக்கைகளில் கண்ணாடித்தாள் பிரிக்காமல் வந்தது. எனக்கு முன்னால் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

சனிக்கிழமைதோறும் கழுவுவேன். குழாயில் தண்ணீர் வாரத்துக்கு மூன்று நாள்தான். ரப்பர் குழாய் போட்டு அடிக்கக்கூடாது என்று உத்தரவு வேறு. அதனால் புதன்கிழமையே பீப்பாயில் பிடித்து வைத்துக்கொள்வேன். முதலில் மேலிருந்து வெறும் தண்ணீரை ஊற்றி மணலை இறக்க வேண்டும். அப்புறம்தான் சோப்பு, அதுவும் வண்டிக்கென்று விற்கிற சோப்பு. கூரை, கண்ணாடி, கதவு, கடைசியாகச் சக்கரம். கையை வட்டமாகச் சுற்றக்கூடாது, நேராக இழுக்க வேண்டும். பிறகு மென்மையான துண்டால் ஒற்றி எடுத்து, மாதம் ஒருமுறை மெழுகு. மெழுகு நன்றாக இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

பக்கத்து வீட்டு லெபாங் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். இருபது வருடத்து நண்பன். அவனுடைய பழைய பிக்கப்பில் இன்ஜின் போய் இரண்டு வருடம் ஆகிறது.

"வாமே மூஞ்சிய இவ்வளவு கிட்டத்துல எப்படா கடைசியாப் பாத்தே?" என்று ஒருநாள் கேட்டான். வாமே என் மனைவி.

"அவ வெயில்ல நிக்கறதில்லையே" என்றேன்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஆனாலும் கற்றுக்கொண்டான். மூன்று மாதம் பக்கத்தில் நின்று, துண்டை எப்படி மடிப்பது என்பது வரை கற்றுக்கொண்டான். அதனால்தான் அக்டோபரில் அலுவலகத்திலிருந்து நான்கு நாள் பிரான்சிஸ்டவுனுக்கு அனுப்பியபோது சாவியை அவனிடம் கொடுத்தேன். வாமேவுக்கு ஓட்டத் தெரியாது. "ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்டார்ட் பண்ணிப் பாரு, போதும். எங்கயும் ஓட்டாதே. கழுவாதே" என்றேன்.

"ஒட்டகச்சிவிங்கியே வந்து மேல சாஞ்சாலும் துணி போட மாட்டேன்டா. நிம்மதியா போ" என்றான்.

நான் திரும்பி வந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். வாசலிலேயே தெரிந்துவிட்டது. வண்டியைக் கழுவியிருந்தார்கள். பின்கதவில் இரண்டு பக்கமும் வட்டக் கீறல். ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், உருளவில்லை, தகடு மாதிரி அப்படியே படிந்து நின்றது. பாத்திரம் விளக்குகிற சோப்பு போட்டால்தான் மெழுகு அப்படிப் போகும். சக்கரத்துக்கு மேல் வளைவில் சிவப்பு மண். மீட்டரில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. பின் இருக்கையில் வெளுப்புத் திரவ வாடை. ஒரு முழம் அகலத்துக்குத் துணி நிறம் மங்கியிருந்தது.

இதையெல்லாம் பார்த்து முடிக்க அரைமணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம் வீட்டுக்குள் போனேன். வாமே படுத்திருந்தாள். காய்ச்சல் என்றாள். முகம் வெளிறியிருந்தது.

"வண்டிய யாரு எடுத்தா?" என்றேன்.

"எனக்குத் தெரியாது" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லெபாங்கிடம் போனேன். அவன் நேராகப் பார்க்கவில்லை. "பறவை எச்சம் போட்டுடுச்சு. காஞ்சா பெயின்ட்டத் தின்னுடும்னு நீதானே சொன்னே. அதான் கழுவினேன்."

"முப்பத்தெட்டு கிலோமீட்டர் பறந்து போய் எச்சம் போட்டுச்சா?"

அவன் மனைவி செதுன்யா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். "விடுடா மொதிபி. வாமேக்குக் கஞ்சி ஏதாவது வச்சுக் குடு" என்றான்.

என் வீட்டில் என் மனைவிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அவன் சொன்னான். அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. என் வண்டி, என் நண்பன், என் மனைவி, பின் இருக்கை. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நான் கத்தவில்லை. கை நீட்டவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மூன்று வாரமும் அவர்களோடு ஒழுங்காகவே பேசினேன். யாராவது ஒருவர் உண்மையைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். இருவருமே சொல்லவில்லை. துரோகம் என்றால் எங்கோ பெரிதாக வெடிக்கும் என்று நினைத்திருந்தேன். காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் வழக்கம்போல வணக்கம் சொல்வதுதான் அது.

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து, கையாலேயே பாலிஷ் போட்டுக் கீறல்களை எடுத்தேன். தோள்பட்டை இறங்கிவிட்டது. இனிமேல் யார் கை பட்டாலும் தாங்க வேண்டும் என்று, மெழுகை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு மேல்பூச்சு வாங்கினேன். சின்னக் குப்பி, கண்ணாடி மாதிரி உறைந்து பெயின்ட்டின் மேல் நிற்கும். பூசியபின் இருபத்துநான்கு மணி நேரம் ஈரம் படக்கூடாது என்று குப்பியிலேயே போட்டிருந்தது.

நான்காவது சனிக்கிழமை பூசினேன். மழை அடுத்த வாரம்தான் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அன்று கன்யேயில் ஒரு கல்யாணம். தெருவில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். வாமேயும் அவர்களோடு போனாள். நம் வண்டியில் போகலாமா என்று அவள் கேட்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பூசி முடித்தேன். பக்கம் திறந்த தகரக் கொட்டகைக்குள் நின்ற வண்டியில் வானம் அப்படியே தெரிந்தது.

மூன்றே முக்காலுக்கு மழை வந்துவிட்டது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த மழை. தெருவில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் வெளியே ஓடிவந்து நனைந்துகொண்டு "பூலா, பூலா" என்று கூவினார்கள். மழைக்கும் அதுதான் பெயர், நம் பணத்துக்கும் அதுதான் பெயர். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நான் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணி தாண்டியிருக்கும். லெபாங் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். பின்னாலேயே செதுன்யா, தலையில் துணிகூட இல்லாமல்.

"மழைத் தண்ணிய தொட்டிக்குத் திருப்பலாம்னு தகரத்தத் தூக்கினேன். அடியில நாகம். போட்டுடுச்சுடா. வண்டிய எடு" என்றான். பதட்டமில்லாமல்தான் சொன்னான். நான் எடுப்பேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"சாவி வாமே கைப்பையில போயிடுச்சே" என்றேன்.

செதுன்யா என் முகத்தையே பார்த்தாள். "இன்னொரு சாவி இருக்குமே, ரா மொதிபி. புது வண்டின்னா ரெண்டு குடுப்பாங்களே." அந்த நேரத்திலும் "ரா" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள்.

"அது ஆபீஸ்ல இருக்கு. ஒக்காருங்க. ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன்."

சமையலறைக்குள் போனேன். போனைக் காதில் வைத்துக்கொண்டேன். எண்களை அழுத்தவில்லை. அவர்களுக்குக் கேட்கும்படி தெருப் பெயர், வீட்டு அடையாளம், பாம்பின் வகை எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். இடையில் கேட்டுக்கொள்கிறவனைப் போலக் கொஞ்சம் நிறுத்தி, "சரிங்க" என்றேன். வெளியே வந்து, "இருபது நிமிஷத்துல வந்துடுவாங்களாம்" என்றேன்.

செதுன்யா மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் ஏதாவது வண்டியை மறிக்கிறேன் என்றாள். "அவனை நடக்க வச்சா வெஷம் ஏறும். ஆம்புலன்ஸ் வர்ற நேரத்துல ஆள் இங்க இல்லேன்னா அவங்க திரும்பிப் போயிடுவாங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, நானும் ஒருதடவை போன் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். "ரெண்டு தடவ போட்டா ரெண்டு எடம்னு நெனச்சுக் கொழம்பிடுவாங்க, மா" என்றேன். நியாயமாகத்தான் இருந்தது. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு வாசல் கேட்டுக்குப் போய் மழையில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் லெபாங்கும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவன் இமைகள் மெல்ல இறங்கத் தொடங்கின. பேச்சு குழறியது. மணி நாலே முக்கால். நான் கடிகாரம் பார்த்தேன்.

"மொதிபி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வாமே சொல்லக்கூடாதுன்னு கையப் பிடிச்சுக் கேட்டா." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ ஊர்ல இல்லாதப்ப அவளுக்கு ரத்தம் போக ஆரம்பிச்சுது. நாலு மாசம் முழுகாம இருந்தாடா. முன்ன ரெண்டு தடவ கலைஞ்ச மாதிரி ஆயிடக்கூடாதுன்னு, நல்லா தங்கட்டும், அப்புறம் ஒனக்குச் சொல்லலாம்னு இருந்திருக்கா. நானும் செதுன்யாவும் ஒன் வண்டியிலதான் காபரோனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின் சீட்டெல்லாம் ரத்தம், கதவுலயும். நீ பாத்தா தாங்கமாட்டேன்னு கழுவிட்டோம். பதட்டத்துல கையில கெடச்ச சோப்ப எடுத்துட்டேன். ஒன் கீறல் எல்லாம் என்னாலதான். மன்னிச்சுக்கடா."

"பாத்திரச் சோப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாடா" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போக முப்பது நிமிடம் வேண்டாம். இருபது போதும். சாவி என் கால்சட்டையின் வலது பையில் இருந்தது. உட்கார்ந்திருந்த வாக்கில் அது தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுந்தேன். கொட்டகைக்குப் போய், காற்றில் ஒரு முனை அவிழ்ந்திருந்த தார்ப்பாயை மறுபடி கட்டினேன். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சாய்த்துக்கொண்டேன்.

ஐந்தே காலுக்குச் செதுன்யா பொறுமையிழந்து மெயின் ரோட்டுக்கு ஓடி, ஒரு ரொட்டி வேனைக் கூட்டி வந்தாள். நானும் அந்த ஓட்டுநரும்தான் அவனைத் தூக்கிப் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றுவிட்டதாம். அரைமணி முன்னால் வந்திருந்தால் மூச்சுக்குக் குழாய் போட்டாவது உயிரைப் பிடித்து வைத்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்று செதுன்யா போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். அப்படி யாருமே கூப்பிடவில்லை என்று அவர்கள் நோட்டைக் காட்டினார்களாம். அதனால்தான் நான் உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன்.

வாமே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கேட்டேன், என்னிடம் ஏன் மறைத்தாய் என்று. "சொன்னா நீ மொதல்ல சீட்டத்தான் போய்ப் பாப்பேன்னு தெரியும்" என்றாள். அது ரொம்ப அநியாயமான பேச்சு. அவள் பார்த்தே இராத ஒன்றை என்மேல் போடுகிறாள்.

ஆகவே இதை எழுதிக்கொள்ளுங்கள். சாவி என்னிடம் இருந்தது. போன் செய்யவில்லை. செதுன்யாவைப் போகவிடாமல் நிறுத்தியதும் நான்தான். அவன் செத்துப்போவான் என்று தெரியும். இதில் எதையும் மறுக்கவில்லை, மறுக்கவும் மாட்டேன். ஆனால் என்னைப் பற்றி நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், ஐயா. நான் கல்மனசுக்காரன் இல்லை. மூன்று வாரம் என்னை முட்டாளாக்கினார்கள். நடந்தது இதுதான் என்று யாராவது ஒருவர் என்னிடம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், மழையாவது பூச்சாவது, அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நானே பறந்திருப்பேன்.

சொன்னான்தான். படிக்கட்டில் சொன்னான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்ட அன்றைக்குச் சொல்லவில்லையே.