வதனி வீட்டுக் கத்தரிப் பாத்தி

— அந்த வாளியக் கீழ வைங்க, நபீஸா ராத்தா.

— எழும்பிட்டீங்களா வதனி? சத்தம் வராமத்தான் அள்ளின நான்.

— ஒவ்வொரு விடியவும் கேட்டுட்டுத்தான் கிடக்கிறன். முதல் நாள் மாடு பூந்திட்டாக்கும் எண்டு நினைச்சன். மறுகா கிணத்தடியில வாளி முட்டின சத்தம் கேட்டுது. யன்னலால பார்த்தா நீங்க. பார்த்திட்டுப் போய்த் திரும்பவும் படுத்திட்டன்.

— தெரிஞ்சும் ஒண்டும் சொல்லல்லயே நீங்க.

— சொல்றதெண்டா வெளியில வர வேணுமே. அதுக்கு உடம்பு கேட்கல்ல.

— ஏசுவீங்க எண்டு நினைச்சித்தான் படலையத் திறக்கிற நான். ஏசினா கேட்டுட்டுப் போவம் எண்டு.

— ஏச்சும் வருகுதில்ல. நடுவில கொஞ்ச நாள் வரல்லத்தானே நீங்க. இனி வரமாட்டா, விட்டதும் நல்லதுதான் எண்டு நினைச்சன். இண்டைக்கு வாளிச் சத்தம் கேட்டதும் கால் தன்பாட்டுக்கு இறங்கி வந்திட்டு. ஏனெண்டு எனக்கே தெரியல்ல.

— வர ஏலாமப் போயிட்டு. வதனி, நான் இண்டைக்கு உங்களுக்கிட்ட ஒரு விசயம்...

— இருங்க. முதல்ல நான் சொல்றதக் கேளுங்க. உங்கட மகன்ட கதை இந்த வளவுக்குள்ள வேணாம். அவன்ட மோட்டார் சைக்கிள் எங்கட மனிசன அடிச்சது, இவர் றோட்டிலேயே போனது, அவன் ஆஸ்பத்திரியில கிடக்கிறது, பொலிசு, கோட்டு வழக்கு, ஒண்டும் வேணாம். வாற ஆக்களுக்கெல்லாம் இதத்தான் சொல்லி வச்சிருக்கன். தங்கச்சிக்கும் இதத்தான் சொன்னன். அவ கிரானுக்குத் திரும்பிப் போகுமட்டும் அந்தப் பக்கக் கதையே எடுக்கல்ல. போனையும் நிப்பாட்டித்தான் வச்சிருக்கன்.

— யாரும் ஒண்டும் சொல்லல்லயா உங்களுக்கு?

— சொல்ல விடல்ல எண்டுதானே சொல்றன். கத்தரியப் பத்திக் கதைக்கிறதெண்டா கதையுங்க. இல்லாட்டி வாளிய வச்சிட்டுப் போங்க.

— சரி. கத்தரியப் பத்தியே கதைக்கன்.

— கதையுங்க.

— கத்தரி பரவாயில்ல புள்ள. பூ வச்சிட்டு. இலைக்குக் கீழ வெள்ளப் பூச்சி இரிந்திச்சி, சாம்பல் தூவி விட்ட நான். கொச்சி மிளகாய்க் கண்டுதான் சரியில்ல. குருத்தெல்லாம் சுருண்டு போயிரிக்கி. பயத்தங்கொடி ஏற இடமில்லாம நிலத்தில படர்ந்து கிடக்கி. அதுக்கு ரெண்டு கம்பு நட்டுப் பார்த்த நான், என்ட கைக்கு நிக்குதில்ல.

— பந்தல் போடுறது அவர்தான். சித்திரை பிறந்தா முதல் வேலை அதுதான் அவருக்கு. மில்லில இருந்து தவிட்டுத் தூசியோட வருவார், குளிக்க முன்னம் ஏறி நிண்டு கம்பு கட்டுவார். "உன்ட தோட்டச் சங்கத்துக் கத்தரிக்காய விட சந்தைக் கத்தரிக்காய் மலிவு" எண்டு சொல்லிச் சொல்லியே கட்டுவார்.

— எனக்கிட்டயும் சொல்லியிரிக்கார். இந்த வளவப் பார்க்க சங்கத்தால நாங்க எல்லாரும் வந்த அண்டைக்கு பிளேன்டீ கொண்டந்து தந்திட்டு, "ஒரு கத்தரிக்காய்க்கு பதினாலு பொம்பிளயா" எண்டு கேட்டார். இலட்சுமிப்பிள்ளை அக்கா சிரிச்சிச் சிரிச்சி டீயக் கொட்டிட்டா.

— ம்.

— நான் கதைச்சது பிழையா?

— இல்ல. கதையுங்க. அவரப் பத்தி ஆக்கள் கதைச்சா எனக்கு ஒண்டும் செய்யுதில்ல. வேற யாரோட மனிசனையோ சொல்ற மாதிரி இருக்கு. செத்த வீட்டில நான் அழல்ல. தெரியுமா உங்களுக்கு?

— கேள்விப்பட்ட நான்.

— ஊரே கேள்விப்பட்டிருக்கும். பெட்டிய எடுக்கக்குள்ளயும் நான் முத்தத்துப் பந்தல் துணி கிழிஞ்சிருக்கிறதத்தான் பார்த்திட்டு நிண்டன். கட்டார்ல இருந்து ஓடி வந்த தனோஜன் என்னெப் பிடிச்சு உலுக்கினான், "அழுங்கம்மா" எண்டு. எனக்கு அவன்ட கைதான் நொந்துது. மறுகா எல்லாரும் போயிட்டாங்க. சோறு சமைக்கிறன், வாயில வைக்கிறன், உப்பா புளியா தெரியுதில்ல. ஒரு நாள் உப்பே போடாமச் சாப்பிட்டு முடிச்சிருக்கன். பூனை சாப்பிடாம விட்ட பிறகுதான் விளங்கின.

— எனக்கும் அப்பிடித்தான் இரிக்கி.

— என்ன?

— ஒண்டுமில்ல புள்ள. வெயில் ஏற முன்னம் ஊத்தி முடிப்பம். சூட்டுக் கச்சான் காத்து எழும்பிட்டெண்டா ஊத்தின தண்ணி வேருக்குப் போகாது.

— அதில ஊத்தாதீங்க, இப்பத்தானே ஊத்தினீங்க. ஒரே பாத்திக்கு ரெண்டு தரம் ஊத்திறீங்க.

— ஊத்தின நானா?

— பாருங்க, தண்ணி நிக்குது. தண்டில படாம ஊத்துங்க எண்டு சங்கத்தில எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவ நீங்க. தாங்க இஞ்ச. நீங்க அந்தக் கல்லில இருங்க, நான் ஊத்திறன்.

— உங்களுக்கு ஏலுமா?

— ஏலாட்டி வைக்கிறன். சங்கத்தில என்ன நடக்குது? இந்த மாசம் எங்கட வளவு பார்க்கிற முறைதானே.

— முறைய இலட்சுமிப்பிள்ளை அக்காட வளவுக்கு மாத்திட்டாங்க. நாத்து மேடையில இரிந்த தக்காளிக் கண்டு, கத்தரிக் கண்டெல்லாம் பங்கு போட்டாச்சி. உங்கட பங்க எங்கட பக்கத்து வீட்டு பர்ஸானா எடுத்து வச்சி தண்ணி ஊத்திறா. நிழல் வலை வாங்குவம் எண்டு அவ நிக்கிறா, ஓலைக் கிடுகு போதும் எண்டு அக்கா நிக்கிறா. போன கூட்டத்தில ரெண்டு பேருக்கும் பெரிய கதை. அதுக்கு முன்னமே நான் கூட்டத்துக்குப் போறத நிப்பாட்டிட்டன். மறுகா கேட்டதத்தான் சொல்றன்.

— ஏன் நிப்பாட்டினீங்க? போகவேணாமெண்டு சொன்னாங்களா?

— யாரும் சொல்லல்ல. அதுதான் கஷ்டம். செத்த வீட்டுக்குப் பிறகு வந்த முதல் கூட்டத்துக்குப் போன நான். நான் போய் இரிந்ததும் ஆரையம்பதிப் பக்கத்துத் தமிழாக்கள் ஒரு பக்க வாங்கிலும் காத்தான்குடி எங்கட ஆக்கள் மத்தப் பக்க வாங்கிலுமா இரிந்தாங்க. ஒரு நாளும் அப்பிடி இரிந்ததில்லயே நாங்க. மாவில்லாத, கேஸ் இல்லாத காலத்தில ஒரு மரவள்ளித் தடிய நாலா வெட்டிப் பங்கு போட்டு நட்ட ஆக்கள். அண்டைக்கு யாரும் யாரையும் பார்க்கல்ல. வதனிட தோட்டம் காயுது, முறை வச்சி ஆள்மாறித் தண்ணி ஊத்துவம் எண்டு அக்கா சொன்னா. எல்லாரும் ஓமெண்டாங்க. முதல் முறைக்காரி படலை வரைக்கும் வந்திட்டு, உங்கட முகத்தப் பார்க்கப் பயத்தில திரும்பிட்டா. அடுத்தவளும் அப்பிடித்தான்.

— மறுகா நீங்க எடுத்தீங்களா?

— நான் கேட்டு எடுக்கல்ல. சுபஹு தொழுதிட்டு எழும்பினன், வீட்டில ஒரு வேலையும் ஓடல்ல. கை சும்மா இரிக்க ஏலாமப் போச்சி. ஓட்டோ பிடிச்சி வந்திட்டன். பர்ஸானாக்குத் தெரிஞ்சதும், "மாமி, அங்க போறது சரியில்ல, அவங்கட மகன் கோவத்தில இரிக்கான்" எண்டு சொன்னா. எனக்கும் சரியில்ல எண்டுதான் பட்டிச்சி. பட்டாலும் அடுத்த நாளும் வந்த நான்.

— தனோஜன் கோவத்திலதான் இருக்கான். போற அண்டைக்குக் குசினி வாசல்ல நிண்டு சொன்னான், அந்த வீட்டாக்கள் ஒராளும் இஞ்ச கால் வைக்கப்படாதெண்டு. இன்னொண்டும் சொன்னான்.

— சொல்லியிரிப்பான். தகப்பனப் பறிகொடுத்த புள்ள.

— அவன் சொன்னதுக்கு நான் ஓமெண்டும் சொல்லல்ல, இல்லையெண்டும் சொல்லல்ல. சோத்தப் போட்டன். அவனுக்கு விமானத்துக்கு நேரமாகுது, சாப்பிட்டிட்டுப் போகட்டும் எண்டு மட்டும்தான் எனக்கு மண்டைக்குள்ள ஓடின. ராத்தா, முக்காட்ட இழுத்துப் போத்திறீங்க, குளிருதா?

— விடியச் சாப்பிடல்ல. அதுதான்.

— இருங்க, தேத்தண்ணி போடுறன்.

— வேணாம் வதனி. ஊத்தி முடியுங்க முதல்ல. அந்த ஓரத்து வெண்டி மூண்டுக்கும் இன்னும் போகல்ல.

— இந்த வெண்டி தப்பாதெண்டு நினைச்சன். பாருங்க, காய் பிடிச்சிருக்கு.

— முத்திப் போகும். இண்டைக்கே ஆய்ஞ்சிருங்க.

— ஆய்ஞ்சு யாருக்குச் சமைக்கிற? நீங்க கொண்டு போங்க.

— எங்கட வீட்டிலயும் சமைக்கிறதில்ல இப்ப. அக்கம்பக்கத்து ஆக்கள் கொண்டந்து தாறாங்க.

— அப்ப வச்சிருங்க, நான் புளிக்குழம்பு வைக்கிறன். நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போகலாம். கிணத்துத் தண்ணி இப்ப என்ன மாதிரி? ஆத்துப் பக்கத்து வளவு எண்டபடியா வைகாசி வந்தாலே உவர்க்கத் தொடங்கிரும்.

— வாயில விட்டுப் பார்த்த நான். எல்லுப்போல உவர்ப்பு இரிக்கி. கத்தரி தாங்கும். தக்காளி நட்டா குழாய்த் தண்ணிதான் ஊத்த வேணும். பாத்திக்கு வைக்கோல் பரப்பினா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊத்தினாலும் போதும்.

— தங்கச்சிக்குச் சொன்னா கிரானால வைக்கோல் அனுப்புவா. வயல் வட்டைக்குள்ள வெட்டு முடிஞ்சு எக்கச்சக்கமாக் கிடக்கும்.

— அனுப்பச் சொல்லுங்க.

— போனப் போட வேணும் அதுக்கு.

— போடுங்க புள்ள. எத்தினை நாளைக்கு நிப்பாட்டி வைக்கிற?

— ம். போடத்தான் வேணும். ராத்தா, நான் ஒண்டு சொல்றன். திரும்பிப் பார்க்காதீங்க, நான் ஊத்திட்டே சொல்றன். முகத்தப் பார்த்தா எனக்குச் சொல்ல வராது.

— சொல்லுங்க.

— தனோஜன் அண்டைக்கு என்ன சொன்னான் எண்டா, எங்கட அப்பா போயிட்டார், அவன் மட்டும் கட்டிலால எழும்பப்படாதெண்டு. அப்பிடியே கிடந்து போகட்டும் எண்டு. பெத்த புள்ள சொல்லக்குள்ள நான் சும்மா நிண்டன். மறுகா ஒவ்வொரு நாளும் நீங்க தண்ணி ஊத்திற சத்தத்தக் கேட்டுட்டுக் கிடந்து இதத்தான் யோசிச்சன். இவ இஞ்ச ஊத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போவா, அங்க வெளி வாங்கில இருப்பா, பின்னேரம் ஒருக்கா உள்ள விடுவாங்க, பார்த்திட்டு வருவா எண்டு. உங்களப் பத்தித்தான் யோசிச்சன், என்னெப் பத்தி ஒண்டுமே ஓடல்ல. பாவம் எண்டும் வரல்ல. ஆனா அவன் கிடந்து போகட்டும் எண்டும் வரல்ல. வரவே இல்ல ராத்தா.

— வதனி...

— பொறுங்க, முடிச்சிருறன். விட்டா மறுகா சொல்லமாட்டன். சின்ன வயசில ஷாமில் உங்கட சேலையப் பிடிச்சிட்டு நாத்து மேடைக்கு வருவானே. பாகல் விதைய வாயில போட்டிட்டு ஓடுவான். அவன்தான் இது எண்டு நினைக்க எனக்கு ஏலாம இருந்துது. வேற யாரோ ஒரு பெடியன் எண்டுதான் வச்சிருந்தன். இப்ப நான் என்ட வாயாலயே பேரச் சொல்லிட்டன் பாருங்க.

— சொல்லிட்டீங்க.

— அவன் எழும்பட்டும். கோட்டில என்ன தீர்க்கிறாங்களோ தீர்க்கட்டும், அது வேற. நான் போனப் போட்டதும் தனோஜனுக்கும் இதச் சொல்லிருவன். அவன் கத்துவான், கத்தட்டும். ஷாமில் எழும்பி நடக்கத் தொடங்கினா ஒரு நாளைக்கு இஞ்ச கூட்டிட்டு வாங்க. நான் ஒண்டும் கேக்கமாட்டன். வந்து முத்தத்தில நிண்டிட்டுப் போகட்டும், அது போதும். ஏன் அழுறீங்க ராத்தா? நான் ஏசல்லயே. வரச் சொல்லித்தானே சொல்றன்.

— ஷாமில வியாழக்கிழமை அடக்கம் செஞ்சிட்டம், வதனி.