மேல்முடி

நாய்க்கு முடி வாருவது எனக்குப் பிடித்த வேலைதான், டாக்டர். உட்கார்ந்த இடத்தில் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைசி ஊசி போட முன்னங்காலை மழித்தபோது முடி உதிராமல், கம்பளித் துண்டு போல ஒரே தகடாகக் கழன்றதே, அதை அன்றைக்கே கேட்டிருக்கலாம். நாய் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்துக் கேட்கிறீர்கள். உங்களுக்கும் அன்று அவசரம் போலிருக்கிறது.

சுருள்முடிப் பூடில் நாயின் கலப்பு. தங்கை அதைப் பஞ்சு என்று கூப்பிடுவாள். கணவனைப் பிரிந்து தனியாக இருக்கிறாளே என்று நான் வேலையை விட்டுவிட்டு அவளிடம் வந்தேன். வந்த நான்காம் மாதம் அவள் நாய் வாங்கினாள். நான் போதாதாம். அப்படி அவள் வாய்திறந்து சொல்லவில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் என்னைத் தாண்டிப்போய் அதைத்தான் முதலில் கொஞ்சுவாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நாய்க்கு எட்டு மாதம் ஆனபோது குட்டிமுடி போய்ப் பெரிய நாயின் அடர்த்தியான முடி வரத் தொடங்கியது. இந்த வகை நாய்க்குப் பழைய முடி கீழே விழாது, புதியதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நாய்க்கு முடி வெட்டும் பெண் எங்கள் இருவருக்கும் செய்துகாட்டினாள்.

"தோல் தெரியற மாதிரி வகிடு எடுத்து, அடிவரைக்கும் சீப்பு போகணும்கா. சிக்கெல்லாம் எடுத்த பிறகுதான் குளிப்பாட்டணும். சிக்கோட தண்ணி பட்டா அப்படியே இறுகிடும்."

தங்கைக்கு ஏது நேரம்? நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் சொன்னதில் ஒன்றையும் மறக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றினேன். முதலில் குளியல். பிறகு பிரஷால் மேல்முடியை மட்டும் புசுபுசுவென்று தூக்கிவிடுவேன். சீப்பு அலமாரியிலேயே கிடந்தது. முடி வெட்ட அழைத்துவரச் சொல்லி அவளிடமிருந்து போன் வந்தபோதெல்லாம் இப்போது வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பார்த்தவர்கள் என் பராமரிப்பை மெச்சினார்கள்.

அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் முடி திரண்டு தோலைச் சுண்டி இழுத்தது. படி ஏறும்போது முனகும். இரண்டு மாதத்தில் யார் தொட்டாலும் பல்லைக் காட்டியது.

"இது ஏன்கா இப்படி ஆயிடுச்சு?"

"பெரிசாயிடுச்சில்ல. குணம் மாறத்தான் செய்யும்."

நான் அதை ஒருநாளும் அடித்ததில்லை. அவள் மடியை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதைக் கட்டிக்கொண்டு காதை வருடினாள். வலது கையைக் கவ்விவிட்டது. நரம்பு அறுந்துபோனது. ஒருமுறை கடித்தது மறுபடி கடிக்கும் என்று சொன்னவள் நான்தான். அந்தக் கடைசி ஊசிக்குச் சம்மதித்து உங்கள் தாளில் தங்கை இடது கையால் கையெழுத்துப் போட்டாள். தன் பாசம்தான் அதைக் கெடுத்துவிட்டது என்று இன்றும் அழுகிறாள். நான் தேற்றுகிறேன்.

நீங்கள் போய் அவளிடம் சொல்லலாம். நம்பமாட்டாள். இப்போது ஒரு பொத்தான் போடவும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். சிறுவயதில்கூட நாங்கள் இவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை.

விரல்கள் பழையபடி மடங்க ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சியைத் தாளில் எழுதிக்கொடுத்தார்கள். தினமும் இரண்டு வேளை, விடாமல் செய்யவேண்டுமாம். நீ தனியாகச் செய்து சிரமப்படாதே என்று சொல்லி, அந்தத் தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.