நாற்றம் இல்லை

வண்டியின் முன்கண்ணாடி கழுவுகிற தண்ணீர் நாறினால் எல்லோரும் முதலில் அதில் வாசனையாக எதையாவது ஊற்றுவார்கள். அது தப்பு. குளிக்காதவன் சென்ட் அடித்துக்கொண்ட கதைதான். தண்ணீர் டப்பாவைக் கழற்றிப் பாசியைச் சுரண்ட வேண்டும். வினிகர் கலந்த வெந்நீரில் ஊறப்போட வேண்டும். குழாயை ஊதிப் பார்க்க வேண்டும். மோட்டாருக்கு அடியில் ஒரு சின்ன சல்லடை இருக்கும், பாதி மெக்கானிக்குகளுக்கே அது தெரியாது. தண்ணீர் பீய்ச்சாமல் வழிந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்டது வேன் பள்ளத்தில் கவிழ்ந்ததைப் பற்றி. தெரிகிறது இன்ஸ்பெக்டர் ஐயா, அதற்குத்தான் வருகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

தையல் ஆலைக்கு ஆட்களை ஏற்றிவரும் வேன்கள் ஆறு. ஆறுக்கும் நான்தான் மெக்கானிக், பத்தொன்பது வருஷமாக. தினமும் காலையில் நான் ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, ஷெட்டில் இருக்கும் நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சாவியைக் கொடுப்பார்கள். நான் எழுதிவிட்டால் ஓட்டுநர்கள் எதையும் மறுபடி அழுத்திப் பார்க்க மாட்டார்கள். என் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

மூன்றாம் நம்பர் வண்டியை ஓட்டியவர் என் தங்கையின் வீட்டுக்காரர். ஷெட்டில் அவருக்கு மூக்கர் என்று பெயர். டீயை மோந்துதான் குடிப்பார், துவைத்த சட்டையை மோந்துதான் போடுவார். நல்ல மனிதர். இந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் நோட்டில் எழுதினார்: 'கண்ணாடித் தண்ணீர் நாற்றம். பீய்ச்சவும் இல்லை.' டப்பாவைக் கழுவினேன். சரியானது. பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி எழுதினார். குழாயை மாற்றினேன். மறுபடி எழுதினார். மோட்டாரை மாற்றினேன், தண்ணீர் பீய்ச்சுகிற துளைகளை ஊசியால் குத்திவிட்டேன், புது டப்பாவே வைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் போனால் அழுகிய முட்டை வாடை திரும்ப வந்துவிடும். மற்ற ஐந்து வண்டிகளில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என் விரலே நாறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவேன்.

யாரோ என் கருவிப் பெட்டியில் ஒரு குளியல் சோப்பை வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேனேஜர் மட்டும் சிரிக்காமல், "என்னப்பா, ஒரு தண்ணி டப்பாவ சரி பண்ண எட்டு மாசமா?" என்று கேட்டார். எஞ்சினையே பிரித்துக் கோர்த்தவன் நான். அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

போன வாரம் காரணம் தெரிந்தது. மதியம் மூக்கர் ஒரு பிளாஸ்டிக் கேனோடு வந்து டப்பாவை நிரப்பினார். என்ன தண்ணீர் என்று கேட்டேன்.

"ஏசித் தண்ணி மச்சான். ஆபீஸ் ஏசியில சொட்டுறத பிடிச்சு சேத்து வைக்கிறேன். நீங்கதான சொன்னீங்க, குழாத்தண்ணி வேணாம், உப்பில்லாத தண்ணியா ஊத்துங்கன்னு?"

சொல்லியிருந்தேன். தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெரிய கெட்டிக்காரன் மாதிரி. ஏசியில் சொட்டுகிற தண்ணீரில் உப்பு இருக்காது, வாஸ்தவம். ஆனால் அறையின் தூசி, அழுக்கு, வழுவழுப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். அதைக் கேனில் வாரக்கணக்கில் மூடி வைத்து, என் பேச்சைத் தட்டக்கூடாது என்று பயபக்தியோடு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் மாதக்கணக்கில் கழுவிக்கொண்டிருந்தது என் சொந்தப் புத்திமதியை.

இனி ஊற்றாதீர்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நாத்தத்துக்குக் காரணமே நீங்கதானா? இதை மேனேஜர்கிட்ட சொல்லியே ஆகணும். திங்கக்கிழமை காலை மீட்டிங்ல வச்சு சொல்றேன் பாருங்க." அவர் மனதில் கள்ளம் இல்லை. அவருக்கு அது ஒரு வேடிக்கை. சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை என்று இரண்டு தடவை கேட்டேன். "அட, போங்க மச்சான்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல பைக்கில் வந்தேன். ஆலைக்கு வருகிற சாலையில் குழாய் பதிக்க ஓரமாக ஆள் உயரத்துக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஈர மண் ஏற்றின லாரிகள் முன்னால் போக, என் ஹெல்மெட் கண்ணாடியில் சேறு அப்பியது. எதிரே வெயில். இரண்டு இடத்தில் நிறுத்தித் துடைக்க வேண்டியிருந்தது.

ஷெட்டுக்கு வந்ததும் மூன்றாம் நம்பர் வண்டியைத்தான் முதலில் பார்த்தேன். டப்பாவைக் காலி செய்து துடைத்தேன். மோட்டாருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டேன். எட்டு மாதமாக எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, நாற்றம் போக வேண்டும். தண்ணீரே வராத வண்டியில் நாற்றம் ஏது? நோட்டில் 'சரி' என்று எழுதி, பக்கத்தில் 'நாற்றம் இல்லை' என்றும் எழுதினேன். நீங்கள் மேஜையில் வைத்திருக்கும் இந்த நோட்டில்தான். கையெழுத்து நடுங்கவில்லை, பாருங்கள்.

மூக்கர் வந்து குனிந்து முகர்ந்து பார்த்தார். "அட, துளிகூட இல்ல. ஜெயிச்சுட்டீங்க மச்சான்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். லாரிக்குப் பின்னால் போயிருக்கிறார், சேறு அடித்திருக்கிறது. தண்ணீர் விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார் என்று பிழைத்தவர்கள் உங்களிடம் சொன்னார்களாம். வெறும் வைப்பர் ஓடினால் சேறு இன்னும் பூசிக்கொள்ளும், எதிரே வெயிலும் இருந்தால் ஒன்றுமே தெரியாது. அவரும் இன்னும் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி முன் சீட்டில் இருந்தவள், பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். மற்ற நாட்களில் அந்த சீட்டில், அதே ஆலையில் தைக்கிற என் தங்கை உட்காருவாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி. "அண்ணா, வண்டி நல்லாத்தான இருந்துச்சு?" நல்லாத்தான் இருந்துச்சும்மா என்றேன். அவள் நம்பினாள். அவர்தான் தூங்கிவிட்டார் என்று இப்போது ஊரெல்லாம் பேசுகிறார்கள், அவளும் அப்படித்தான் நினைத்து அழுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல்தான் இன்று நானாக உங்களிடம் வந்தேன். வயரைப் பிடுங்கியது நான். தெரிந்துதான் பிடுங்கினேன். ஆனால் கொல்ல நினைக்கவில்லை. கண்ணாடி கொஞ்சம் மங்கும், ஓரமாக நிறுத்துவார், நேரமாகும், மீட்டிங் முடிந்துவிடும். அவ்வளவுதான் என் கணக்கு. ஆபத்து என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

நோட்டில் எழுதி முடித்த கையோடு தங்கைக்குப் போன் செய்தது உண்மை. இன்று மூன்றாம் நம்பரில் ஏறாதே, பின்னால் வருகிற வண்டியில் வா என்று சொன்னதும் உண்மை. ஏன் அவளிடம் மட்டும் அப்படிச் சொன்னாய் என்று நீங்கள் இப்போது மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இதில் என்ன மர்மம் இருக்கிறது ஐயா? சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாடை ஆகாது, குமட்டும். அந்த வண்டியின் நாற்றம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதே என்றுதான் சொன்னேன்.