தானியேலுக்காக ஊதியவன்

விடியற்காலை நாலே முக்கால். போகிப் பண்டிகை. எளாவூரிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோடு... டயர் எரித்த புகையும் பனியும் கலந்து, பைக் வெளிச்சத்தில் நாலடி தூரம்கூடத் தெரியவில்லை.

கதை கேட்க உட்கார்ந்தவர்கள் முதலில் செல்போன் லைட்டை அணையுங்கள். சிரிக்கிறவன் வெளியே போய்த் தனியாக உட்காரலாம். இது என் கூட்டாளி அன்புராஜின் சகலை லோகுவுக்கு நடந்தது. லோகு தங்கமான ஆள். அவன் செய்த பாவமும் அந்த நல்ல மனசால் வந்ததுதான்.

அவனுடைய சிநேகிதன் தானியேல். நானும் லோகுவும் இருக்கிற வார்ப்படக் கம்பெனியில் இரும்பின்மேல் மணலைப் பீய்ச்சி அடிக்கிற வேலை, பதினாறு வருஷம். நெஞ்சுக்குள் தூசு இறங்கிவிட்டது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்க நிற்பான். ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்குவான். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் மெடிக்கல் வரும். மூச்சின் பலம் பார்க்கக் குழாயில் ஊத வேண்டும். ஊத முடியாதவனை காண்ட்ராக்டர் வேலையிலிருந்து நிறுத்திவிடுவான்.

"எனக்குப் பதிலா... நீ ஒரு தபா ஊதுடா லோகு. பொண்ணு ஷைனி பன்னண்டாவது படிக்கிறா... இந்த வருசம் மட்டும்."

வந்த டெக்னீஷியனுக்கு யார் முகமும் தெரியாது. தானியேலின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு லோகு ஊதினான். முழு மூச்சு. ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார்கள். தானியேல் திரும்பவும் அதே மணலுக்குள் போனான். அடுத்த வருஷமும் லோகுதான் ஊதினான். வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

மூன்றாவது வருஷம் தானியேல் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடியே வேலையை விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார் என்றாராம் டாக்டர். அடக்கத்தன்று அவன் பெண்சாதி சுகிர்தா, லோகுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க கூட இருந்ததாலதாண்ணா அவுரு கடைசி வரைக்கும் வேலைக்குப் போய்க்கினு இருந்தாரு."

லோகு அவளிடம் உண்மையை மறைத்துவிட்டு, போய்ச் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

சரி, ரோட்டுக்கு வாருங்கள். லோகு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். மூடிக் கிடக்கிற ஒரு கம்பெனியின் மதிலைத் தாண்டும்போது பைக்கின் பின்பக்கம் அமுங்கியது... இரண்டு கைகள் அவன் தோள்களில் ஊன்றின. மூச்சு முட்டும்போது தானியேல் அப்படித்தான் முன்னால் சாய்ந்து ஊன்றிக்கொள்வான். காதோரம் கீ... கீ... என்று சன்னமாக ஒரு விசில். லோகு வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். விசில் நிற்கவில்லை. டயர் புகைக்கு நடுவே சுட்ட மணல் வாசனை.

"மன்ச்சிடு தானியேலு. நான் ஊதியிருக்கக் கூடாது."

திட்டியிருந்தால்கூட நிம்மதி. திட்டவில்லை. எப்போதும்போல நிறுத்தி நிறுத்தி... "ஒரு தபா... ஊதுடா லோகு."

ஆறு மணி ஷிப்டுக்கு அவன் வரவில்லை. தேடிக்கொண்டு போன அன்புராஜ் ஏழு மணிக்கு அவனைப் பார்த்தான். ரோட்டோரம் மண்டி போட்டு, உதடு நீலம் பாரித்து, கண் செருகி... வெறுங்காற்றில் ஊதிக்கொண்டிருந்தான்.

"இன்னா சகல, இன்னா பண்ற? போதும், எழுந்திரு."

"இன்னும் பத்தலயாம்," என்றான் லோகு. மறுபடியும் ஊதினான்.

அன்புராஜ் இன்றுவரை அந்த ரோட்டில் போவதில்லை. அவன் பயந்தது லோகுவைப் பார்த்து இல்லை. சுற்றிலும் புகை அசையாமல் நின்றிருந்தது. லோகுவின் முகத்துக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, ஓர் இடத்தில் மட்டும் புகை உள்ளே போய்... வெளியே வந்து... உள்ளே போய்க்கொண்டிருந்தது.