கையுறை மாட்டும்வரை காத்திருந்தோர் வாசித்தளிக்கும் மடல்

காவிரிக் கடைமடையின் கருணையே! கதறி வந்தவனையும் காக்க வைத்த கண்டிப்பே! எங்கள் நெல் ஆலையின் முதலுதவி அறையை முப்பது ஆண்டுகள் ஆண்ட சிஸ்டர் ஜூலியட் அவர்களே!

தங்கள் பொறுமையைப் புகழ்வது மரபு. எங்கள் பொறுமையை யார் புகழ்வது? ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வந்தவனிடம், "நீயே துணியை வெச்சு அழுத்திப் பிடி" என்பீர்கள். பிறகு நுரை பொங்கக் கை கழுவி, கையுறையில் ஓட்டை உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். மேட்டூர்த் தண்ணீர் எட்டாத ஆண்டில், தாங்கள் கை கழுவிய நீரிலேயே ஆலைக்குப் பின்னால் ஒரு மா நிலத்தில் குறுவை நெல் விளைந்தது. அறுத்தவர்கள் அவையில்தான் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

மூட்டை தூக்கும் மிக்கேல்ராஜுக்கு அந்தக் கையுறைதான் பொறுக்கவில்லை. கொக்கி கிழித்த கையோடு வந்தவருக்கு அதைக் கண்டதும் மனசு கொதித்தது. "எங்களைத் தொட்டா தீட்டா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, காப்பித்தூளை அப்பிக்கொண்டு போனார். கை பலாப்பழமாய் வீங்கித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். அவருக்காக ரோஷப்பட்டு மற்றவர்களும் தங்கள் படி ஏறவில்லை. அப்போதும் கையுறையைக் கழற்றினீர்களா? என்ன பிடிவாதம் அம்மா அது!

பிறகு ஒருநாள் மேலாளர் ராஜகோபாலன் அவர்களின் விரலைத் தகரக் கதவு கிழித்தது. ஆலையே ஜன்னலில் தொங்கியது, முன்வரிசையில் மிக்கேல்ராஜ்.

"அழுத்திப் பிடிங்க சார். கையுறை மாட்டிக்கிட்டு வர்றேன்."

"நான் மேனேஜர்மா!"

"ரத்தத்துக்கு அது தெரியாது சார். உங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, என் கையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

மேலாளர் பிடித்தார். தாங்கள் வழக்கம்போல் நிதானமாகக் கழுவினீர்கள். மிக்கேல்ராஜ் சிரித்த சிரிப்பில் கோடியக்கரைப் பறவைகள் அந்த ஆண்டு முன்கூட்டியே ஊர் திரும்பின. மறுநாள், ஆறிப்போன தழும்பைக் காட்டும் சாக்கில் அவர் தங்கள் படி ஏறினார். பின்னாலேயே ஆலையும் ஏறியது.

இன்றோடு தாங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள், நாளை முதல் அந்த அறையில் தாங்கள் இல்லை. அடிபட்டால் எங்களை யார் காக்க வைப்பார் என்பதே எங்கள் கவலையாக இருந்தது, இன்று காலை வரை.

இனிவரும் வரிகள் அச்சில் இல்லாமல் பேனாவில் இருப்பதைப் பொறுத்தருள்க. இம்மடலுக்குச் சட்டம் மாட்டுகையில் கண்ணாடி மிக்கேல்ராஜின் உள்ளங்கையைக் கிழித்தது. ஒருவரும் பாய்ந்து தொடவில்லை. அவரே அழுத்திப் பிடித்தார். எடை போடும் ஹபீப் முகம்மது சோப்பைத் தேடினார்.

"சீக்கிரம் வாங்க பாய், உசுரு போவுது!"

"இருப்பா, இன்னும் ஒரு கைக்கு மாட்டல."

அடுத்த அறையில், விழா ஏன் தொடங்கவில்லை என்று தாங்கள் சலித்துக்கொண்டது கேட்டது. தங்களை நாங்கள் கூப்பிடவில்லை.

நோய்நொடியின்றி நீடு வாழ்க! எமனே வந்தாலும், கை கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புக!

காத்திருந்து பழகிய,
ஆலைத் தொழிலாளரும் அலுவலரும்,
திருவாரூர்.